நியூ5ஜிசி: கறியோடு உடம்புக்குள் வரும் அந்நியச் சர்க்கரை

குதிரைச் சீரம் கொடுத்த துப்பு

1984-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், எலும்பு மஜ்ஜை செயலிழந்த ஒரு நோயாளிக்கு அஜித் வர்கி என்ற மருத்துவர் குதிரைச் சீரம், அதாவது குதிரை இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, ஏற்றினார். கேட்க விபரீத வைத்தியம் போல இருக்கும். ஆனால் ஏபிளாஸ்டிக் அனீமியா என்ற அந்த நோய்க்கு அது முறையான சிகிச்சை, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நோயில் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களே மஜ்ஜையைத் தாக்குகின்றன. அதே வகை மனித வெள்ளணுக்களைக் குதிரைக்கு ஊசி போட்டால், குதிரையின் உடம்பு அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை உண்டாக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து நோயாளிக்கு ஏற்றினால் தாக்குகிற அணுக்கள் அடங்கும், மஜ்ஜை மெல்ல உயிர் பெறும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஏற்றியது குதிரையின் புரதம். ஒன்றிரண்டு வாரத்தில் மனித உடம்பு அதை அந்நியமாகக் கண்டு சண்டைக்கு நிற்கும். காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு வலி என்று வரும் இந்தக் கோளாறுக்குச் சீரம் நோய் என்று பெயர். குதிரையிலிருந்து எடுக்கும் பாம்புக்கடி மருந்து போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கும் இது வருவது நம் ஊர் மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். வர்கியின் நோயாளிக்கும் வந்தது. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போவதுதான் வழக்கம். வர்கியோ செல்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளை ஆராய்கிறவர். இந்த எதிர்ப்பு குதிரையின் எந்தப் பொருளுக்கு எதிராக எழுகிறது என்று பழைய கட்டுரைகளைத் தேடிப் போனார்.

பதிலில் பாதி முன்பே அச்சில் இருந்தது. 1924-இல் ஹங்கனுட்சியு என்பவரும் 1926-இல் டைஷர் என்பவரும், குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் புதுவகை எதிர்ப்பொருள் ஒன்று தோன்றுவதைத் தனித்தனியாகக் கவனித்திருந்தார்கள். அந்த இரத்தத்தின் சீரத்தை ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் திரண்டு கட்டிக்கொண்டன. குதிரைக்கு எதிராக உண்டான பொருள் ஆட்டின் அணுவை ஏன் பிடிக்கிறது? இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அது மனிதனிடம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். அந்தப் பொருள் ஒரு சர்க்கரை என்பது ஐம்பது ஆண்டு கழித்து, 1970-களின் பிற்பகுதியில் தெரிந்தது. முழுப் பெயர் என்-கிளைக்கோலைல்நியூராமினிக் அமிலம். ஆய்வகத்தில் நியூ5ஜிசி என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

வர்கி இந்தியர், மருத்துவம் படித்தது வேலூர் சிஎம்சியில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் அவரது குழு பல பத்தாண்டுகளாகத் துரத்தியது இந்த ஒரு மூலக்கூறைத்தான். இதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. கறியோடு வரும் இந்தச் சர்க்கரை நாளடைவில் நோய்க்கு வழி செய்யலாம் என்ற அவர்களது கருதுகோளுக்குப் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். பின்னால் அதற்கு வருவோம்.

ஒரே ஒரு ஆக்சிஜன்

இது காப்பியில் போடுகிற சர்க்கரை அல்ல, சுகர் வியாதிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கும். அந்தச் சங்கிலிகளின் வெளிநுனியில் உட்கார்ந்திருப்பவை சியாலிக் அமிலங்கள், ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட சர்க்கரைகள். வெளியிலிருந்து வருகிற எதுவும் முதலில் தொடுவது இவற்றைத்தான். ஃபுளூ வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்வதும் இவற்றையே.

பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு சியாலிக் அமிலங்கள் உண்டு. ஒன்று நியூ5ஏசி, மற்றது நியூ5ஜிசி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ஆக்சிஜன் அணு. முதலாவதில் அந்த ஆக்சிஜனைச் சேர்த்து இரண்டாவதாக மாற்றுகிற நொதியை உருவாக்குவது சிமா என்ற மரபணு. சிம்பன்சி, கொரில்லா, மாடு, ஆடு, பன்றி, குதிரை, எலி எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது. மனிதனிடம் செய்யவில்லை. 1998-இல் வர்கியின் குழுவும் ஜப்பானில் அகேமி சுசுகியின் குழுவும் காரணத்தைக் கண்டன. மனித சிமா மரபணுவில் 92 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணவில்லை. அந்தத் துண்டு இல்லாததால் மரபணு படிக்கப்பட்டாலும் உருப்படியான நொதி வருவதில்லை. உலகில் எந்த மனிதருக்கும் வருவதில்லை.

இழப்பு எப்போது நேர்ந்தது? மரபணு ஒப்பீட்டின் கணக்குப்படி ஏறக்குறைய 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மனித மூளை பெருக்கத் தொடங்குவதற்கு முன்பு. அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் எலும்புகளைச் சோதித்தபோது அவற்றிலும் நியூ5ஜிசி இல்லை.

ஏன் இழந்தோம் என்பதற்கு நல்ல ஊகம் ஒன்று மலேரியா. சிம்பன்சிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணி நியூ5ஜிசியை விரும்பிப் பற்றுகிறது. அதை இழந்தவர்கள் அந்த நோயிடமிருந்து தப்பித்துப் பெருகியிருக்கலாம். அப்புறம் நம்மைத் தாக்க வந்த ஃபால்சிபேரம் ஒட்டுண்ணி, நம்மிடம் மிஞ்சிய நியூ5ஏசியைப் பற்றிக்கொள்ளப் பழகிவிட்டது. தப்பித்தோம் என்று மூச்சுவிட நேரமில்லை. டைஃபாய்டு கிருமியின் நச்சும் நியூ5ஏசியைத்தான் நாடுகிறது, அதனால் டைஃபாய்டு மனிதனுக்கே உரிய நோயாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இதை இழந்தது நாம் மட்டும் இல்லை. பறவைகளிடம் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளிடமும் ஃபெர்ரெட் என்ற கீரி போன்ற பிராணியிடமும் கிடையாது. ஃபுளூ ஆராய்ச்சியில் ஃபெர்ரெட்டையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம், மனித ஃபுளூ அதற்குத் தொற்றும். பூனைகளின் கதை இன்னும் சுவாரசியம். பூனையின் ஏ இரத்த வகை என்பதே நியூ5ஜிசி இருக்கிற வகை, பி வகையில் அது இல்லை. பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் கொஞ்சம் ஏற்றினாலும் உயிருக்கே ஆபத்து. இந்தச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள் எவ்வளவு மூர்க்கமாக வேலை செய்யக்கூடும் என்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் அறிந்த உதாரணம் இது.

குடித்துப் பார்த்தார்கள்

நம்மால் உண்டாக்க முடியாத சர்க்கரை நம் உடம்பில் இருக்கக் கூடாது. ஆனால் மனிதப் புற்றுக்கட்டிகளிலும், பிறகு ஆரோக்கியமான திசுக்களிலும்கூட மிகச் சிறிய அளவில் அது தென்பட்டது. உடம்பு வேறு ரகசிய வழியில் அதை உண்டாக்குகிறதா, இல்லை வெளியிலிருந்து வருகிறதா?

2003-இல் வெளியான ஆய்வில் இதற்கு விடை தேடிய விதம் எனக்குப் பிடித்தமானது. பன்றியிலிருந்து நியூ5ஜிசியைப் பிரித்துச் சுத்தம் செய்து, மூன்று தன்னார்வலர்கள் குடித்தார்கள். அவர்களில் ஒருவர் வர்கியே. குடித்ததில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிட்டது. கொஞ்சம் மட்டும் தங்கி, உடம்பின் சொந்தச் சர்க்கரைபோல நடித்து, செல்களின் சங்கிலி நுனிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது போதும்: வெளியிலிருந்து வரும், வந்து தங்கும்.

எப்படி உள்ளே போகிறது என்பதும் பிறகு தெளிவாயிற்று. செல் தன்னைச் சுற்றியிருக்கிற திரவத்தை அப்படியே மடக்கி விழுங்கும்போது இதுவும் கூடவே போகிறது. செல்லுக்குள்ளேயே இருக்கும் செரிமானப் பையிலிருந்து செல்லின் மற்றப் பகுதிக்குக் கடத்தும் புரதத்துக்கு ஏசிக்கும் ஜிசிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன.

அதே ஆய்வில் எந்த உணவில் இது எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்தார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி, செம்மறிக்கறி ஆகிய சிவப்பு இறைச்சியில் அதிகம். பாலிலும் பால் பொருள்களிலும் அதைவிடக் குறைவு. கோழியில் இல்லை, முட்டையில் இல்லை, காய்கறி தானியங்களில் இல்லவே இல்லை. மீனில் பொதுவாகச் சொற்பம், சில மீன் முட்டைகளில் மட்டும் கணிசம். ஆகவே கறியே தொடாத, ஆனால் தயிரும் காப்பியும் விடாத வீட்டுக்கும் இந்தச் சர்க்கரை புதியதல்ல.

இரத்தத்தைச் சோதித்தபோது தெரிந்த இன்னொரு விஷயம்தான் கதையின் முடிச்சு. மனிதர்கள் எல்லோரிடமும் நியூ5ஜிசிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. குதிரைச் சீரம் ஏற்றிக்கொண்டவர்களிடம் மட்டும் என்று நினைத்தது தவறு. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2010 ஆய்வு ஒன்று, பசும்பாலும் பிற உணவும் தொடங்கும் முதல் ஆண்டுக்குள்ளேயே இது தோன்றுகிறது என்றது. உணவு மட்டுமே அதைத் தூண்டுவதில்லை. குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் ஹீமோஃபிலஸ் வகைக் கிருமி உணவிலிருந்து வந்த நியூ5ஜிசியை எடுத்துத் தன் மேல் பூசிக்கொள்கிறது. கிருமியின் மேல் இருப்பதைக் கண்டதும் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரித்துவிடுகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செல்களின் மேல் அந்நியச் சர்க்கரை, இரத்தத்தில் அதைத் தாக்கும் எதிர்ப்பொருள். வெளியாள் வீட்டுக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க, காவலுக்கு நிற்பவன் அவனை அடிக்கப் போய் வீட்டையும் சேர்த்து அடிக்கிற நிலை. ஒரு நாளில் பெரிய சேதம் வராது. ஆனால் பல பத்தாண்டுகள் இது ஓயாமல் நடந்தால் நாள்பட்ட அழற்சி உண்டாகும், நாள்பட்ட அழற்சி புற்றுநோய்க்கும் இரத்தக்குழாய் அடைப்புக்கும் வழி செய்யும் என்பதே வர்கி குழுவின் வாதம்.

எலிகள் சொன்னதும் சொல்லாததும்

2014 டிசம்பர் கடைசியில் செய்திகளில் பெரிதாக அடிபட்டது ஒரு எலி ஆய்வு. சாதாரண எலிக்கு நியூ5ஜிசி சொந்தச் சர்க்கரை, அதைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் சிமா மரபணுவை நீக்கி, இந்த விஷயத்தில் மனிதனைப் போல ஆக்கிய எலிகளை வளர்த்தார்கள். அவற்றுக்கு நியூ5ஜிசி கலந்த தீனி போட்டார்கள். அதற்கு எதிரான எதிர்ப்பொருளும் உடம்பில் இருக்கும்படி செய்தார்கள். அழற்சி ஏற்பட்டது. நீண்ட காலம் தொடர்ந்தபோது கல்லீரல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக வந்தன. "சிவப்பு இறைச்சி ஏன் புற்றுநோய் தருகிறது என்பது தெரிந்துவிட்டது" என்கிற தொனியில் தலைப்புகள் வந்தன.

அவசரப்பட்ட தலைப்புகள். ஆய்வைக் குறை சொல்லவில்லை, அது கவனமாகச் செய்யப்பட்ட வேலை. ஆனால் அதில் ஒரு முக்கிய விவரம் இருக்கிறது. தீனியில் நியூ5ஜிசி சாப்பிட்டதால் மட்டும் அந்த எலிகளிடம் எதிர்ப்பொருள் உண்டாகிவிடவில்லை. அதைச் செயற்கையாகத் தூண்டவோ வெளியிலிருந்து செலுத்தவோ வேண்டியிருந்தது. எலியிடம் அப்படிச் செய்வதில் தவறில்லை, மனித நிலையை உருவாக்க வேறு வழி கிடையாது. ஆனால் எவ்வளவு எதிர்ப்பொருள், எவ்வளவு சர்க்கரை, எத்தனை காலம் என்ற மூன்றையும் ஆய்வாளரே முடிவு செய்கிறார். மனித வாழ்வில் அந்த மூன்றும் என்ன கலவையில் இருக்கின்றன என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, உறுப்பு. சிவப்பு இறைச்சியோடு மனிதர்களில் தொடர்புபடுத்தப்படுவது முதன்மையாகப் பெருங்குடல் புற்றுநோய். எலிகளுக்கு வந்தது கல்லீரலில். எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வருவது எளிது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சொன்னால் அதே சமாதானம் ஆய்வின் எடையையும் குறைத்துவிடும்.

மூன்றாவதை நான் பெரிதாக மதிக்கிறேன். பாலிலும் சீஸிலும் நியூ5ஜிசி இருக்கிறது. இந்தச் சர்க்கரைதான் முக்கியக் குற்றவாளி என்றால் பால் நிறையச் சாப்பிடும் மக்களிடம் பெருங்குடல் புற்றுநோய் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும். பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது நேர்மாறு: பால் பொருள்கள் அந்தப் புற்றுநோயைச் சற்றுக் குறைப்பதாகவே தோன்றுகிறது. பாலில் உள்ள கால்சியம் ஈடுகட்டுகிறது என்று பதில் சொல்ல வழி உண்டு. அது நியாயமான பதில்தான். ஆனால் அப்போது நியூ5ஜிசியின் பங்கு கால்சியத்தால் ஈடுகட்டிவிடக்கூடிய அளவுக்குச் சிறியது என்று ஆகிறது.

மனிதர்களிடம் நேரடியாகப் பார்த்த ஆய்வுகள் குறைவு. 2020-இல் பிரான்ஸின் பெரிய ஊட்டச்சத்து ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தைச் சோதித்தபோது, உணவில் நியூ5ஜிசி அதிகம் எடுத்தவர்களிடம் எதிர்ப்பொருளும் அதிகமாக இருந்தது. உணவுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள தொடர்புக்கு இது நல்ல சான்று, நோய்க்குச் சான்று இல்லை. அதே ஆண்டு பிரான்ஸின் சூலியூ முதலான உறுப்பு மாற்று ஆராய்ச்சியாளர்கள் எதிர்வாதம் ஒன்றை வைத்தார்கள். சிறுநீரக மாற்றின்போது முயல் அல்லது குதிரையிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களை நோயாளிக்கு ஏற்றுவது உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் நியூ5ஜிசிக்கு எதிரான எதிர்ப்பொருள் சாதாரண மனிதரைவிடப் பன்மடங்கு எகிறுகிறது. மனிதரிடம் இயற்கையாகவே நடக்கிற பரிசோதனை இது. இந்த நோயாளிகளின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், உணவால் வரும் சிறு அளவு எதிர்ப்பொருளே நோய்களுக்குக் காரணம் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். முன்னே சொன்ன பலவீனத்துக்கு இங்கே வருகிறேன். ஆதரவுச் சான்றுகள் பெரும்பாலும் ஒரே குழுவிடமிருந்தும் அங்கே பயின்றவர்களிடமிருந்தும் வருகின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்தவர்கள் அவர்கள். ஆனாலும் தொடர்பில்லாத பலர் செய்து பார்த்து அதே விடை வருகிறவரை கருதுகோள் கருதுகோளாகத்தான் நிற்கும்.

இதயத்தைப் பற்றிய 2019 ஆய்வு இன்னும் நுணுக்கமான ஒன்றைச் சொன்னது. சிமா நீக்கப்பட்ட எலிகளுக்கு, நியூ5ஜிசி கொடுக்காமலேயே, இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது சுமார் 1.9 மடங்கு கூடியது. அதே வகை எலிகளிடம் எதிர்ப்பொருளும் நியூ5ஜிசித் தீனியும் சேர்ந்தபோது, அந்தச் சர்க்கரை இல்லாத தீனி தின்றவற்றைவிடச் சுமார் 2.4 மடங்கானது. அதாவது மரபணு இழப்பே தனியாக ஒரு பங்கு வகித்தது, உணவும் எதிர்ப்பொருளும் அதற்கு மேல் இன்னொரு பங்கைச் சேர்த்தன. சிம்பன்சிகளுக்கு நம்மைப்போல் மாரடைப்பு வராததற்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் மாரடைப்பு வருவதற்கும் மரபணு இழப்பு ஒரு விளக்கமாகலாம்.

சரி, கறி சாப்பிடலாமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றது. அந்த முடிவு நியூ5ஜிசியை நம்பி எடுத்தது இல்லை. கறியைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருளிலுள்ள இரும்பு, நைட்ரைட் போட்டுப் பதப்படுத்துவதால் உண்டாகும் சேர்மங்கள், கடும் சூட்டில் கருகும்போது வரும் சேர்மங்கள் என்று அதற்குக் காரணங்கள் தனியாக இருக்கின்றன. நியூ5ஜிசி கருதுகோள் நாளைக்கே தோற்றாலும் சாசேஜும் பேக்கனும் நல்லவையாகிவிடாது. அது ஜெயித்தாலும் மாதம் இரண்டு ஞாயிறு ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறவர் கதிகலங்க வேண்டியதில்லை. இந்த எதிர்ப்பொருளை அளந்து உங்கள் நோய் வாய்ப்பைச் சொல்கிறோம் என்று யாராவது சோதனை விற்க வந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கறிக்கும் இந்தச் சர்க்கரைக்கும் உள்ள உறவில் இன்னும் நேரடியான ஆபத்து ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஈ.கோலி கிருமிகளில் ஆபத்தான சில வகைகள் சப்ஏபி என்ற நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு பற்றிக்கொள்ள விரும்புவது நியூ5ஜிசியை. மனிதன் அதை உண்டாக்குவதில்லை, அதனால் தப்பித்திருக்க வேண்டும். ஆனால் மாட்டுக்கறியும் பாலும் உண்டவரின் குடல் செல்களில் அது ஏற்கனவே வந்து ஒட்டியிருக்கிறது. அதே மாட்டுக்கறியிலும் காய்ச்சாத பாலிலும்தான் அந்தக் கிருமியும் வருகிறது. நச்சு பூட்டு என்றால் அதற்குச் சாவியையும் நாமே சாப்பிட்டு வைத்திருக்கிறோம் என்பதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்குத் தற்காப்பு நம் சமையலறையில் எப்போதும் இருப்பதுதான்: கறியை நன்றாக வேகவைப்பது, பாலைக் காய்ச்சுவது.

மருந்தும் மாற்று உறுப்பும்

இந்தச் சர்க்கரையை உண்மையாகவே கவலையோடு பார்க்கிறவர்கள் மருந்து தயாரிப்பவர்களும் உறுப்பு மாற்று மருத்துவர்களும். ஆய்வகத்தில் மனித ஸ்டெம் செல்களை எலி செல்களின் மேலும் கன்றுக்குட்டிச் சீரத்திலும் வளர்த்தபோது, அவையும் நியூ5ஜிசியை உறிஞ்சிக்கொண்டன என்று 2005-இல் தெரிந்தது. நோயாளிக்கு ஏற்றினால் அவரது எதிர்ப்பொருள் அவற்றைத் தாக்கக்கூடும். புற்றுநோய்க்குத் தரும் செடக்சிமாப் மருந்து எலி செல்களில் தயாராகிறது, அதில் நியூ5ஜிசி இருக்கிறது. அதே இலக்கைத் தாக்கும் பானிடுமுமாப் ஹாம்ஸ்டர் என்ற வேறு வகை எலியின் செல்களில் தயாராகிறது, அதில் கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்லை. 2010-இல் வர்கி குழுவே ஒப்பிட்டுக் காட்டியது.

பன்றி உறுப்பு விஷயத்தில் இது வெறும் கவலையாக நிற்கவில்லை. 2022 ஜனவரியில் பால்டிமோரில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அந்தப் பன்றியில் செய்யப்பட்ட பத்து மரபணு மாற்றங்களில், அந்நியச் சர்க்கரைகளை உண்டாக்கும் மூன்று மரபணுக்களை நீக்கியதும் அடங்கும். மூன்றில் ஒன்று சிமா. பென்னட் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகத்திலும் அதே மூன்று மரபணுக்கள் நீக்கப்பட்டிருந்தன.

இங்கே ஆய்வாளர்களுக்கு வந்த இடைஞ்சல் வேடிக்கையானது. புதிய உறுப்பை மனிதனுக்கு வைக்கும் முன் பபூன் குரங்கிடம் சோதிப்பது மரபு. பபூனுக்குச் சிமா மரபணு வேலை செய்கிறது, நியூ5ஜிசி அதற்குச் சொந்தச் சரக்கு. மனிதனுக்கு ஏற்றதாக அந்தச் சர்க்கரையை நீக்கிய பன்றியின் செல்களைப் பபூனின் இரத்தத்தோடு சேர்த்தால், நீக்கிய இடத்தில் வெளியே தெரியும் வேறு ஏதோ ஒன்றைக் கண்டு பபூனின் எதிர்ப்பொருள்கள் முன்பைவிட அதிகமாகப் பாய்கின்றன. மனித இரத்தத்தோடு சேர்த்தால் எதிர்ப்பு குறைகிறது. அதனால் மூன்று சர்க்கரைகளும் நீக்கிய உறுப்புக்குக் குரங்குச் சோதனை நேர்மையான வழிகாட்டியாக இருக்க முடியவில்லை. மூளைச்சாவு அடைந்த மனிதர்களிடம், குடும்பத்தினரின் சம்மதத்தோடு, பன்றிச் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு 2021-லிருந்து அமெரிக்காவில் தொடங்கியதற்கு இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று.